போட் ஃப்ரிட்ஜ் "செத்துப்போச்சு, புதுசு போடுங்க"ன்னு சொன்னா உடனே காசை எடுக்காதீங்க

சிட்னி பக்கம் சின்னதா போட் வச்சிருக்கிற நம்ம ஆளுங்க சில பேர் இருக்கீங்க, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு. பேர் போட மாட்டேன், சிட்னிக்கு வடக்க இருக்கிற பிட்வாட்டர்ல மெரினா மெரினாவா (போட் கட்டி வைக்கிற இடங்க) வந்து வேலை பாக்குற ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைப் பத்தினது.

என்னோடது பழைய 30 அடி பாய்மர போட். ஐஸ் போட்டு வைக்கிற பெட்டியையே 12 வோல்ட் ஃப்ரிட்ஜா மாத்தி வச்சிருக்காங்க, கம்ப்ரசர் டான்ஃபாஸ் பிடி35 (2010ல அந்த பிசினஸ் கை மாறினதால புதுசுல செகோப்னு போட்டிருக்கும்). கிறிஸ்மஸ் லீவு, இங்க நல்ல வெயில் காலம், அப்ப பாத்து கூலிங் நின்னுச்சு. கம்ப்ரசர் லேசா உறுமும், நிக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி உறுமும், நிக்கும். உள்ள இருந்த தோசை மாவு பொங்கி டப்பா மூடியைத் தள்ளிட்டு வெளிய வந்துடுச்சு, அதைக் கழுவினது தனிக் கதை.

அந்த ஆளு வந்தாரு. வோல்டேஜ் பாக்குற மல்டிமீட்டரை பையிலருந்து எடுக்கவே இல்ல, நேரா கேஸ் பிரஷர் பாக்குற கேஜை மாட்டினாரு. "கேஸ் கம்மி"ன்னு சொல்லி ஒரு சிலிண்டர்லருந்து ஏத்தினாரு, தராசும் கிடையாது ஒண்ணும் கிடையாது. இந்த மாதிரி குட்டி சிஸ்டத்துல ஆர்134ஏன்னு சொல்ற கூலிங் கேஸ் மொத்தமே கிட்டத்தட்ட 100 கிராம்தான் இருக்கும், கேஜை மாட்டிக் கழட்டுறதுலயே கொஞ்சம் போயிடும், அதுல கண்ணளவுல ஏத்துனா எப்படி சரியா வரும்? ஏத்தியும் ஓடல. உடனே பேச்சு மாறிடுச்சு, கம்ப்ரசர் ஜாம், இவ்ளோ பழசுக்கு ரிப்பேர் பண்றது வேஸ்ட், புது செட்டே போட்டுடலாம், 2,600 டாலர். பழசை அவரே ஃப்ரீயா எடுத்துட்டுப் போயிடுவாராம், என்ன நல்ல மனசு பாருங்க. அன்னிக்கு வந்ததுக்கும் கேஸுக்கும் சேர்த்து 380 டாலர் பில்லு.

யோசிச்சு சொல்றேன்னு அனுப்பிட்டேன். பக்கத்து போட்டுல ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, எலக்ட்ரீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவர், கேட்டுட்டு சிரிச்சாரு. இந்தக் கம்ப்ரசர் பக்கத்துல அதை ஓட்டுற எலக்ட்ரானிக் பெட்டி, அதாவது கன்ட்ரோல் மாட்யூல் இருக்கு, அதுல பிளஸ்ஸுக்கும் டி-ன்னு போட்ட டெர்மினலுக்கும் நடுவுல ஒரு குட்டி எல்இடி மாட்டினா, என்ன கோளாறுன்னு அதுவே மின்னி மின்னி சொல்லும். ஒரு மின்னல்னா வோல்டேஜ் பத்தல, ரெண்டுன்னா ஃபேன் கரன்ட் அதிகமா இழுக்குது, மூணுன்னா மோட்டார் ஸ்டார்ட் ஆகல, நாலுன்னா ஸ்பீடு வரல, அஞ்சுன்னா மாட்யூல் சூடு. என்னோடது ஒண்ணே ஒண்ணுதான் மின்னுச்சு.

பேட்டரில பாத்தா 12.7 வோல்ட், ஜம்முனு இருக்கு. ஆனா கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகுற அந்த நேரத்துல அதோட டெர்மினல்லயே மீட்டரை வச்சுப் பாத்தா 10க்குக் கீழ சரியுது. 12 வோல்ட் பேட்டரிக்கு இந்த மாட்யூல் சாதாரணமா 10.4ல கட் பண்ணிடும், 11.7 வந்தாத்தான் திரும்ப விடும், அதான் அந்த உறுமல். காரணம் என்னன்னா ஃபியூஸ் ஹோல்டர் உப்புக் காத்துல பச்சையா அரிச்சுக் கெடக்கு, போதாததுக்கு வயர் வேற 2.5 ஸ்கொயர் (ஸ்கொயர் மில்லிமீட்டர், வயரோட தடிமன் கணக்கு). கம்பெனி டேபிள் படி 12 வோல்ட்ல அது 2.5 மீட்டர் தூரத்துக்குத்தான், என்னோடது 5 மீட்டருக்கு மேல ஓடுது. 6 ஸ்கொயர் டின் பூசின வயரும் புது ஹோல்டரும் போட்டோம், 100 டாலருக்குள்ள முடிஞ்சது, போட்டவுடனே ஓட ஆரம்பிச்சிடுச்சு.

ஓடுச்சு, ஆனா பெட்டிக்கு வெளிய கம்ப்ரசருக்குத் திரும்பி வர்ற பைப் பூரா பனி படிஞ்சுது. அந்த மகராசன் ஏத்தின கேஸ் ஜாஸ்தி! அதுக்கு இன்னொருத்தரைக் கூப்பிட்டு, இருந்த கேஸை முறையா உறிஞ்சி எடுத்து, வாக்யூம் போட்டு, தராசுல வச்சு அளந்து ஏத்த வேண்டியதாப் போச்சு. அவர் வந்ததும் முதல்ல லைசன்ஸ் கார்டைத்தான் காட்டினாரு. ஆஸ்திரேலியாவுல ஃப்ரிட்ஜ் கேஸைத் தொடுறதுக்கு லைசன்ஸ் கட்டாயம், காத்துல திறந்து விடுறது குத்தம், அதனால யார் வந்தாலும் கார்டைக் கேளுங்க, கூச்சப்படாதீங்க. முதல் ஆளுகிட்ட கேட்டதுக்கு "வேன்ல இருக்கு"ன்னாரு, கடைசி வரைக்கும் வேன்லயேதான் இருந்துச்சு.

புதுசே போடக்கூடாதுன்னு நான் சொல்ல வரல. பெட்டிக்குள்ள குளிர் குடுக்கிற எவாப்பரேட்டர் தகடு அரிச்சு ஓட்டை விழுந்து, அடைச்ச பிறகும் கேஸ் போயிட்டே இருந்தா மாத்தித்தான் ஆகணும். மூணு மின்னல் வந்தாலும் கம்ப்ரசரே போச்சுன்னு அர்த்தமில்ல, மாட்யூல் தனியா கிடைக்குது, கேஸ் லைனைத் தொடாமலே கழட்டி மாட்டலாம், அதை முதல்ல பாக்கணும். அப்புறம் பெட்டியைச் சுத்தி இருக்கிற ஃபோம் தண்ணி குடிச்சிருந்தா 2,600 இல்ல 5,000 கொடுத்து புது செட் போட்டாலும் அதுவும் நிக்காம ஓடி பேட்டரியைத்தான் காலி பண்ணும். இதைப் பத்தி அந்த ஆளு ஒரு வார்த்தை கேட்கல, பெட்டி மூடியைக்கூடத் திறந்து பாக்கல.

இங்க கன்ஸ்யூமர் சட்டப்படி வேலையைத் தகுந்த கவனத்தோட திறமையோட செய்யணும். அதைச் சொல்லி, வோல்டேஜ் போட்டோ, பனி படிஞ்ச பைப் போட்டோ, ரெண்டாவது ஆளோட பில் எல்லாம் வச்சு மெயில் போட்டேன், பதில் இல்ல. என்எஸ்டபிள்யூ ஃபேர் டிரேடிங்ல (நுகர்வோர் புகாரைப் பாக்குற மாநில அரசு ஆபீஸ்) புகார் போட்ட பிறகுதான் போன் வந்துச்சு. கேஸுக்கு வாங்கின காசைத் திருப்பிட்டாரு, வந்து பாத்ததுக்கு வாங்கினதைத் தர மாட்டேன்னு நிக்கிறாரு. அதையும் விடுறதா இல்ல. யாருக்காவது அந்த மெயில் மாதிரி வேணும்னா கேளுங்க, அனுப்புறேன்.