அப்பாவின் 112 கசெட்டும் டிஎஸ்224 பிளஸ் பெட்டியும்

அப்பா திருமலையில் (திருகோணமலையில்) கல்யாண வீடியோ எடுத்தவர். கமெராவை இறக்கி வைத்துப் பத்து வருசம் தாண்டிவிட்டது, ஆனால் மாஸ்டர் கசெட்டுகள் அலுமாரியை விட்டு இறங்கவில்லை. மொத்தம் 112 மினி டிவி கசெட். (இந்த டிவி டிஜிட்டல் வீடியோ, பார்க்கிற ரீவி இல்லை.) கல்யாணம், சாமத்திய வீடு, கோணேசர் நகர்வலம், நடுநடுவே எங்கள் வீட்டுப் பிறந்தநாட்கள். உப்புவெளியில் கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. ஈரக்காற்றில் மூன்று கசெட்டுக்குப் பூஞ்சணம் பிடித்திருந்ததைப் பார்த்த அன்றுதான் இனித் தள்ளிப்போட ஏலாது என்று தெரிந்தது.

மினி டிவி கசெட் ஒரு மணித்தியாலம் ஓடினால் 13 ஜீபி வரும். கொம்பியூட்டருக்கு இறக்கவும் அதே ஒரு மணித்தியாலம் வேண்டும், வேகமாக ஓட்ட வழியில்லை. 112 கசெட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை டீபி. முதலில் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கை ரவுட்டருக்குப் பின்னால் செருகிப் பார்த்தேன். ஒரு மழை நாளில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் அந்த டிஸ்க் போய்ச் சேர்ந்தது. பதிந்து வைத்த 11 கசெட்டையும் மறுபடி முதலில் இருந்து ஓட்டினேன்.

அதுக்குப் பிறகு வாங்கியதுதான் சினோலொஜி டிஎஸ்224 பிளஸ். இரண்டு டிஸ்க் போடுகிற நாஸ், அதாவது வீட்டு நெட்வேர்க்கில் எல்லாருக்கும் கோப்பு எடுத்துத் தருகிற பெட்டி. 2023இல் வந்த மொடல். உள்ளே இன்டெல் செலரோன் ஜே4125, 2 ஜீபி ராம். டிஎஸ்223ஜே என்ற மலிவான தம்பியும் கடையில் இருந்தது. அதுக்கு ரியல்டெக் சிப், 1 ஜீபி ராம். இந்த இரண்டில் எது என்றுதான் ஒரு மாசம் மண்டையைப் போட்டு உடைத்தேன். விடை பெட்டியில் இல்லை, உங்கள் ரீவியில் இருக்கிறது.

எங்கள் ரீவி எச்.264 என்கிற சுருக்கிய வடிவில் இருக்கிற வீடியோ என்றால் தானே ஓட்டும். அப்போது நாஸுக்கு வேலையே இல்லை, கோப்பை எடுத்து நீட்டினால் சரி. அதுக்கு எந்தப் பெட்டியும் போதும். ஆனால் கசெட்டில் இருந்து இறக்கிய டிவி கோப்பை அந்த ரீவி தொடாது. அப்போது நாஸ் அந்த நேரத்திலேயே படத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். அதோடு கமெரா ஒற்றை வரி, இரட்டை வரி என்று மாறி மாறிப் பிடித்த படம் அது. அப்படியே காட்டினால் மணமக்களுக்கு அறுகரிசி போடுகிற கை சீப்புப் பல்லு மாதிரித் தெரியும். முதல் நாள் அப்பா கேட்டது இதைத்தான்:

“என்னடா, நான் எடுத்தது இப்பிடியே?”

“உங்கட படத்தில பிழை இல்லையப்பா. கொஞ்சம் பொறுங்கோ.”

கடைசியில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் வரிகளைச் சேர்த்து எச்.264க்கு மாற்றினேன். ஒரு கசெட் ஒன்றரை ஜீபிக்கு இறங்கியது. மூலக் கோப்பையும் அழிக்கவில்லை. இதை முதலே யோசித்திருந்தால் மலிவான தம்பியோடு நின்றிருக்கலாம். பெரிய பெட்டிக்கு ஒரே நியாயம் ரொறன்ரோவில் இருக்கிற தங்கச்சி. எங்கள் பைபர் இணைப்பில் இறங்குகிற வேகம் வேறு, ஏறுகிற வேகம் வேறு. அவளுக்குப் போகும் படத்தை இன்னும் சுருக்கி அனுப்ப வேண்டும். இன்டெல் சிப்புக்குள் அதுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, சத்தமில்லாமல் செய்து முடிக்கிறது. இணைப்புக்கு டெயில்ஸ்கேல், அவளையும் எங்கள் நாஸையும் தனி வழியில் இணைக்கிற மென்பொருள். வெளியாட்கள் உள்ளே வர ரவுட்டரில் எந்தக் கதவும் திறக்கவில்லை. அவளுக்கு இரவு ஒன்பது என்றால் எங்களுக்கு விடிந்துவிடும், ஆதலால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுப்பதும் இல்லை.

நாஸில் இருக்கிற படத்தை ரீவிக்கும் போனுக்கும் ஓட்டிக் காட்டுகிற மென்பொருளுக்கு ஜெலிஃபின். 2018இல் எம்பி (Emby) என்ற மென்பொருளில் இருந்து பிரிந்து வந்தது, இலவசம். இதே வேலை செய்கிற பிளெக்ஸ் இன்னும் வடிவாக இருக்கும், ஆனால் சிப்பை வைத்துப் படம் மாற்றக் காசு கட்ட வேண்டும். 2025 ஏப்ரலில் இருந்து வீட்டுக்கு வெளியே பார்க்கவும் கட்டணம். சினோலொஜியின் சொந்த வீடியோ ஸ்டேஷன், நாஸின் இயங்குதளமான டிஎஸ்எம் 7.2.2 பதிப்போடு நின்றுவிட்டது. ஜெலிஃபினைக் கன்டெய்னராக (நாஸுக்குள் தனியாக ஓடுகிற பொதியாக) போட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கட்டளை வரி பழக்கமில்லாத ஆள் என்றால் பக்கத்தில் ஒருத்தரை வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது மொடல் இலக்கத்தைப் பாருங்கள். கொழும்பில் ஒரு கடை முதலில் தந்தது எஸ்எம்ஆர் டிஸ்க். கூரைக்கு ஓடு வேய்கிற மாதிரி ஒரு தடத்தின் விளிம்பில் அடுத்த தடத்தை ஏற்றி எழுதும் வகை. படம் பார்க்கப் பரவாயில்லை, ஒரு டிஸ்க் செத்து மற்றதில் இருந்து திரும்ப நிரப்பும் நாளில்தான் உயிரை வாங்கும். திருப்பிக் கொடுத்துவிட்டு, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகையில் சீகேட் அயன்வுல்ஃப் 4 டீபி இரண்டு எடுத்தேன். ஒன்றின் நகல் மற்றது, அதனால் கையில் கிடைப்பது 4 டீபி மட்டும். பெட்டி, டிஸ்க், யூபிஎஸ் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற பட்டரிப் பெட்டி) எல்லாம் சேர்த்து ஒரு பழைய ஸ்கூட்டி வாங்குகிற காசு. கரண்ட் செலவு பயமில்லை: வேலை செய்யும்போது 15 வாட் அளவு, மாசம் முழுக்க ஓடினாலும் 11 யூனிட்டுக்குள்.

இனி எங்கள் ஊருக்கான பாடு. யூபிஎஸ் இல்லாமல் இந்தப் பெட்டியைத் திருமலையில் வாங்கவே வேண்டாம். வாங்கினாலும் அதன் யூஎஸ்பி வயரை நாஸில் செருக மறக்காதீர்கள். அந்த வயர் இருந்தால்தான் கரண்ட் போனது நாஸுக்குத் தெரியும், தானாக ஒழுங்காக அணையும். மெயின் சுவிட்சை இறக்கியே சோதித்தேன். பத்து நிமிடத்தில் அழகாகப் படுத்தது. முதலில் மூடிய அலுமாரிக்குள் வைத்திருந்தேன், ஏப்ரல் வெயிலில் டிஸ்க் 52 பாகை காட்டியது. இப்போது நடு அறையில் திறந்த தட்டில் 43. பின் விசிறித் துளையால் பல்லி போகுமென்று நுளம்பு வலைத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறேன். உப்பும் தூசும் அதில் படியும், மாசம் ஒருக்கால் கழுவ வேண்டும். டிஸ்க் கறகறக்கிற சத்தம் இரவில் கேட்கும், படுக்கை அறைக்குள் வைக்காதீர்கள்.

இரண்டு டிஸ்க் இருப்பதால் நகல் இருக்கிறது என்று நம்பி இருக்கவும் வேண்டாம். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஒழுங்கைக்குள் வந்தபோது அப்பா கசெட் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டுதான் ஓடினார். அது நினைவில் இருப்பதால் மூன்றாவது நகலை வவுனியாவில் மாமா வீட்டில் வைத்திருக்கிறேன். மூன்று மாசத்துக்கு ஒருக்கால் டிஸ்க்கை மாற்றி எடுத்து வருவேன்.

தங்கச்சி போன கிழமை தன் சாமத்திய வீட்டைப் பார்த்துவிட்டு எடுத்த கோல் வேறு கதை. வீட்டு ரீவி மட்டும்தான், கோப்புகளும் எச்.264 என்றால் டிஎஸ்223ஜே எடுத்து மிச்சக் காசில் நல்ல யூபிஎஸ் வாங்குங்கள். வெளிநாட்டில் ஆள் இருந்தால் 224 பிளஸ். எனக்கு இன்னும் 9 கசெட் பதிய இருக்கிறது, அப்பாவின் பழைய கமெரா ஹெட் தாங்கினால் மாசக் கடைசிக்குள் முடியும்.