மேசை சிஎன்சி மில்லிங் மெஷினை நெட்வொர்க்கில் சேர்த்து ஓட்டியதில் தெரிந்துகொண்டவை

சின்ன மேசை சிஎன்சியை (கணினிக் கட்டளைப்படி மரம், பிளாஸ்டிக்கை வெட்டும் மெஷின்) வைஃபையில் சேர்க்கலாமா என்றால், தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் ஃபைலை அனுப்ப மட்டும். வெட்டு ஓடும்போது ஜி-கோடின் (எங்கே நகரவேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லும் கட்டளைகள்) ஒவ்வொரு வரியும் வைஃபையைத் தாண்டித்தான் மெஷினுக்கு வரவேண்டும் என்று வைக்கவே கூடாது.

என்னுடையது ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கன்ட்ரோலரில் ஜிஆர்பிஎல் 1.1 (ஜி-கோடைப் படித்து மோட்டார்களை நகர்த்தும் மென்பொருள்) ஓடும் போர்டு, யூஎஸ்பியில் 115200 பாட் வேகம். வரும் எழுத்துகளைப் பிடித்துவைக்க அதில் 128 பைட், அடுத்தடுத்த நகர்வுகளைத் திட்டமிட 16 இடம், அவ்வளவுதான். ஜி-கோடு வருவது தடைபட்டால் கைவசம் உள்ளதை முடித்துவிட்டு அச்சுகள் அப்படியே நின்றுவிடும், டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். 3டி ஃபினிஷிங்கில் (வளைந்த பரப்பை வழவழப்பாக்கும் கடைசி வெட்டு) வளைவெல்லாம் பொடிப்பொடிக் கோடுகளாக வருவதால் அந்த 16 நகர்வு கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ந்துவிடும். டூல் நின்ற இடத்தில் மரம் கருகும், பிளாஸ்டிக் உருகி டூலிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அதனால் மெஷின் பக்கத்திலேயே ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினியை வைத்து, அதில் மெஷினுக்கு ஜி-கோடு அனுப்பும் சிஎன்சிஜேஎஸ் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். பிரவுசரில் அதன் ஐபி முகவரியும் 8000 போர்ட்டும் கொடுத்தால் திரை வந்துவிடும். வரிகளை அனுப்புவது பை என்பதால் நடுவில் லேப்டாப்பை மூடினாலும், வைஃபையே போனாலும் வெட்டு நிற்பதில்லை. ரவுட்டரில் அதற்கு ஒரு நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் முகவரி மாறும்போதெல்லாம் தேடவேண்டியிருக்கும்.

நெட்வொர்க்கை விட அதிகம் படுத்தியது பைக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் யூஎஸ்பி கேபிள்தான். தூசி உறிஞ்சும் வேக்குவம் ஆன் ஆகும் நொடியில் மின் இரைச்சலால் யூஎஸ்பி இணைப்பு காணாமல் போகும், அரைகுறை வெட்டோடு வேலை நின்றுவிடும். ஷீல்டு உள்ள குட்டையான கேபிள், இரு முனையிலும் ஃபெரைட் (மின் இரைச்சலை அடக்கும் வளையம்), ஸ்பிண்டில் வயரைத் தள்ளிக் கொண்டுபோவது, மெஷின் உடம்புக்கு எர்த் என்று எல்லாம் செய்த பிறகுதான் அடங்கியது. தூசி ஓடும் பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்சாரமும் சேரும், அதனால் அதன் உள்ளே ஒரு வெறும் செம்புக்கம்பி விட்டு எர்த்தில் சேர்த்தேன்.

மற்ற கருவிகளைப் பொறுத்தவரை, வேக்குவத்தைப் போர்டின் கூலன்ட் பின்னிலிருந்து (குளிர்விப்பானை ஆன்-ஆஃப் செய்ய உள்ள இணைப்பு) ரிலே வழியாக இணைத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வசதி, ஜி-கோடில் எம்8 வந்தால் ஓடும், எம்9 வந்தால் நிற்கும், ஜி-கோடு தயாரிக்கும் கேம் (CAM) மென்பொருளிலேயே எழுதிவிடலாம். ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியை ஆர்எஸ்485 என்ற தகவல் வயரில் இணைப்பவர்கள் முறுக்கிய ஜோடி வயரும் அதன் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டரும் போடுங்கள்.

அவசர நிறுத்தப் பட்டனை மட்டும் எந்த மென்பொருளிடமும் விடாதீர்கள். திரையில் இருக்கும் ஸ்டாப் அதற்கு ஈடாகாது, ஸ்பிண்டிலின் மின்சாரத்தை நேரடியாக வெட்டும் வயர் சுவிட்ச்தான் வேண்டும். அப்புறம், சிஎன்சிஜேஎஸ் பக்கத்தை ரவுட்டரில் போர்ட் திறந்து இணையத்துக்குக் காட்டவே காட்டாதீர்கள், உள்ளே வருகிற யார் வேண்டுமானாலும் ஸ்பிண்டிலைச் சுற்றவைத்துவிடலாம்.

இன்று புதிதாகக் கன்ட்ரோலர் வாங்குவதென்றால் நான் ஈஎஸ்பி32 சிப்பில் ஃப்ளூயிட்என்சி (ஜிஆர்பிஎல் போன்ற மென்பொருள்) ஓடும் போர்டைத்தான் எடுப்பேன். வைஃபை அதிலேயே இருக்கிறது, எஸ்டி கார்டு வசதியும் இருந்தால் ஃபைலை அதில் ஏற்றிவிட்டு அங்கிருந்தே ஓட்டலாம், நடுவில் பையும் வேண்டாம், அந்த யூஎஸ்பி கேபிளும் வேண்டாம்.