எண்பது என்று ஒரு பலகை, ஆயிரம் ரூபாய்க்கு ஒரு சலான்

இந்தத் தடவை ஊருக்குப் போனதில் நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. ஃபாஸ்டேக் பெரும்பாலும் தகராறு பண்ணவில்லை. பட்டா நகலை அக்கா வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடியே எடுத்தாயிற்று. இளநீர்க்காரர் வண்டியில்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது. இதையெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு எழுதத் தோன்றியது ஹைவே வேகக் கேமராவைப் பற்றி.

அதற்குக் காரணம் நான் கிளம்பிய நேரம். நான் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2025 நவம்பர் 14-ஆம் தேதியோடு வேகக் கேமராக்களைச் சட்டம் போட்டே நிறுத்திவிட்டார்கள். அதெல்லாம் பணம் பிடுங்கும் வேலை என்பது மாகாண முதல்வர் டக் ஃபோர்டின் வாதம். அவை ஹைவேயில் வைத்த கேமராக்கள்கூட இல்லை. பள்ளிக்கூடப் பக்கமும் குடியிருப்புத் தெருக்களிலும் இருந்தவை. டொரோண்டோவின் பார்க்சைடு டிரைவில் ஒரு கேமரா இருந்தது. அபராதமாக 70 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்துக் கொடுத்த கேமரா. அதை யாரோ திரும்பத் திரும்ப அறுத்துத் தள்ளினார்கள். ஒருமுறை ஹை பார்க் வாத்துக்குளம் வரை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டார்கள். அந்தச் சாலையில் 2021-இல் ஒரு வயதான தம்பதி விபத்தில் இறந்துபோன பிறகுதான் கேமராவே வந்தது என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தடைக்குச் சில மாதங்கள் முன்புதான், கேமரா வைத்த பள்ளிப் பகுதிகளில் வேக வரம்பை மீறும் வண்டிகளின் பங்கு 45 சதவீதம் குறைந்தது என்று டொரோண்டோவின் சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் சொல்லியிருந்தார்கள். எடுபட்டது வசூல் என்ற பேச்சுதான். இந்தச் சண்டை காதில் இரைந்துகொண்டிருக்கும்போதே சென்னையில் வந்து இறங்கினேன்.

பொங்கலுக்குத் திருநெல்வேலி போக அக்காவின் காரை எடுத்துக்கொண்டு ஒரு ஆக்டிங் டிரைவரைப் போட்டோம். ஐம்பது வயது இருக்கும். இந்தத் தடத்தில் எத்தனை வருஷமாக ஓட்டுகிறார் என்று கேட்டதற்கு, நாலு வழிச்சாலை வருவதற்கு முன்னாடி இருந்தே என்றார். செங்கல்பட்டு தாண்டியதும் தெரிந்துவிட்டது, அவர் மனதில் ஒரு வரைபடமே வைத்திருக்கிறார். எந்தப் பாலம் இறங்கினால் கேமரா, எந்தச் சாவடிக்கு அப்பால் இன்டர்செப்டர் வண்டியை மரநிழலில் போட்டு ஸ்பீடு கன்னோடு நிற்பார்கள், எந்த ஊரில் வெறும் கேமராக் கம்பம் மட்டும், எல்லாம் அத்துப்படி. அந்த இடங்களில் எண்பதுக்கு இறங்குவார். தாண்டியதும் நூற்றுப்பத்து. "ஓட்டுறவங்க எல்லாருக்கும் தெரியும் சார். தெரியாதவன்தான் கட்டுவான்" என்றார். எதிர்த்தடத்தில் வந்த ஒரு லாரிக்காரர் ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்துக் காட்டியதும் காலைத் தூக்கினார். கொஞ்ச தூரத்தில் போலீஸ் நின்றிருந்தது. இந்த ஒத்துழைப்பு மட்டும் நம் சாலைகளில் மாறவே இல்லை.

உளுந்தூர்பேட்டைக்கு அப்புறம் ஒரு நேர்நீளப் பகுதி. இரண்டு பக்கமும் பொட்டல். ஊர் இல்லை, கடை இல்லை, குறுக்கே சாலையும் இல்லை. அங்கே ஒரு கேமரா புதிது போலிருக்கிறது. டிரைவரின் வரைபடத்தில் ஏறவில்லை.

சலான் வந்த கதை தனி. அத்தானின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி: வண்டி எண், தொகை, ஒரு இணைப்பு. அத்தான் அதைப் பார்த்த வேகத்தில் அழித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆர்டிஓ சலான் என்று வாட்ஸப்பில் ஒரு ஆப் கோப்பு வரும், திறந்தால் வங்கிக் கணக்கு காலி. இப்படி ஏமாந்தவர்கள் கதையை அவர் தினமும் பேப்பரில் படிக்கிறார். "மாப்ள, நெசமான சலானும் டூப்பு மாதிரியேதான வருது, எதை நம்பச் சொல்லுத?" என்றார். நியாயமான கேள்வி. அப்புறம் அக்காதான் பரிவாகன் என்ற அரசுப் போக்குவரத்துத் தளத்தைத் தானே தேடித் திறந்து, வண்டி எண்ணையும் சேஸிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்துகளையும் போட்டுப் பார்த்தாள். இருந்தது. வரம்பு 80, பதிவான வேகம் 94, அபராதம் 1,000 ரூபாய். படத்தில் காரின் பின்புறமும் நம்பர் பிளேட்டும் தெளிவாக இருந்தன. இடம் என்ற கட்டத்தில் நெடுஞ்சாலையின் பெயர் மட்டும். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாலையில் எந்த இடம் என்று அதில் இல்லை. நேரத்தை வைத்து நாங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தோம்.

இந்த விஷயத்தில் எழுத்தில் இருக்கும் விதி அப்படியொன்றும் மோசமில்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 136ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதன் கீழ் 2021 ஆகஸ்ட்டில் 167ஏ விதி வந்தது. கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கும் பகுதிக்கு முன்பே கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். அந்த 2021 விதிப்படி, குற்றம் நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நெடுஞ்சாலைகளில் ஆபத்து அதிகமுள்ள, நெரிசல் அதிகமுள்ள பகுதிகளில் கருவி வைக்க வேண்டும். எங்கள் நோட்டீஸ் கெடுவுக்குள் வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வேண்டும். திரும்பி வரும்போது அந்தப் பலகையைத் தேடினோம். எதிர்த்தடத்தில் போகிறோம், நடுவில் அரளிச்செடி ஆளுயரம் நிற்கிறது. அதனால் டிரைவர் அடுத்த திருப்பத்தில் வண்டியை வளைத்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். பலகை இருந்தது. அதன் பாதியை ஒரு கட்சி பேனர் மறைத்திருந்தது. 'கேமரா கண்காணிப்புப் பகுதி' என்பதில் 'பகுதி' மட்டும் தெரிந்தது.

ஆபத்து அதிகமுள்ள இடம் என்றால் எப்படி இருக்கும் என்பதைக் கயத்தாறுக்கு முன்னால் பார்த்தோம். ஊரை ஒட்டிப் போகும் சாலை. மீடியனில் விட்ட கேப்பை மூடியிருந்தார்கள், அடுத்த திருப்பம் ரொம்ப தூரம். ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில், பின்னால் தன் உயரத்துக்குப் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு, எங்கள் தடத்தில் மீடியனை ஒட்டியே எதிரே வந்துகொண்டிருந்தார். நேரே எங்களைப் பார்த்து, பதற்றமே இல்லாமல். டிரைவர் நாற்பதுக்கு இறக்கி, இடது பக்கம் ஒதுங்கி, ஹாரன்கூட அடிக்காமல் விட்டுவிட்டார். "அவர் தோட்டம் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம் சார். ரோடு நடுவுல வந்துடுச்சி" என்றார். அங்கே கேமரா இல்லை, ஸ்பீடு கன் இல்லை, உயரமான விளக்குகூட இல்லை. நாங்கள் நூற்றுப்பத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. எண்பதில் போகும் வண்டி நூறுக்கு ஏறினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, மோதும் ஆற்றலோ பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. வேக வரம்பு தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொட்டலில் நிற்கும் கம்பத்தை இந்தப் புல்லுக்கட்டுக்காரர் ஊருக்கு ஏன் மாற்றக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

சரி, இது வசூல்தானா? டிரைவருக்குச் சந்தேகமே இல்லை, டார்கெட் என்கிறார்: மாசத்துக்கு இத்தனை கேஸ் போட்டாக வேண்டும், பொட்டலில்தான் வண்டிகள் வேகமாக வரும், கேஸும் சுலபம். அத்தான் வேறு கணக்குச் சொல்கிறார். சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை கட்டிய சுங்கத்தைக் கூட்டினால் சலான் தொகையை நெருங்குகிறது. ஒவ்வொரு பயணத்திலும் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள், இந்த ஆயிரத்தை நம்பியா அரசாங்கம் நடக்கிறது என்கிறார். சுங்கம் போகும் பை வேறு, அபராதம் போகும் பை வேறு. அபராதம் மாநில அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. தமிழ்நாட்டில் கூட்டிய அபராதங்கள் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன. அதே வருஷம் மாநிலத்தில் சாலை விபத்துகள் 64,105, இறந்தவர்கள் 17,884 பேர். விபத்து எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம், சாவில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தபடி. இப்படியொரு மாநிலத்தில் வேகத்துக்கு அபராதமே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் இந்தப் புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வேகத்தின் தலையில் கட்டுவதும் சரியில்லை. 2022-இல் நாடு முழுக்கச் சாலையில் இறந்தவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் அதிவேகத்தால் இறந்ததாக மத்திய அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கு போலீஸ் நிலையங்களிலிருந்து வருகிறது. நம் ஊர் எஃப்ஐஆர் படித்தவர்களுக்குத் தெரியும்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி" என்ற வரி இல்லாத விபத்து வழக்கு அபூர்வம். வண்டி நூற்றிருபதில் வந்ததா, நாற்பதில் வந்ததா என்பதை அந்த வரி பார்ப்பதில்லை. மூடிய கேப், எரியாத விளக்கு, ஓரத்தில் ரிஃப்ளெக்டர் இல்லாமல் நிறுத்திய டிராக்டர் எல்லாம் அந்த ஒரே வரிக்குள் போய்விடுகின்றன. வியாதி வேகம் மட்டும்தான் என்று எழுதினால் மருந்தும் சலான் மட்டும்தான் என்று ஆகிவிடும்.

வரம்பு எவ்வளவு என்பதிலேயே ஒரு குழப்பம் வேறு. 2018-இல் மத்திய அரசு காருக்கு எக்ஸ்பிரஸ்வேயில் 120, நாலு வழிச்சாலையில் 100 என்று ஏற்றியது. விபத்தில் ஊனமான ஒரு பல் மருத்துவரின் இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. இதெல்லாம் சாலையில் போகிறவருக்கு எங்கே தெரியப்போகிறது? அவருக்குத் தெரிவது பலகை. நாங்கள் போன தடத்தில் ஒரு பலகை 100 என்றது, அப்புறம் ஒன்று 80 என்றது, இடையில் சாலையில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஒன்டாரியோவிலும் இந்தக் கூத்து உண்டு. 401 சாலையின் பெரும்பகுதியில் 100 என்று போட்டிருக்கும், 115-இல் போகிறவரைப் பின்னால் வருகிறவர் விளக்கடித்து ஒதுங்கச் சொல்வார். அங்கே ஒன்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்: வரம்புக்கு மேல் 50 தாண்டினால் அந்த இடத்திலேயே லைசென்ஸ் 30 நாள், வண்டி 14 நாள் போய்விடும். அந்தப் பயம் பணத்தைப் பற்றியது மட்டும் இல்லை.

ஒரு காசு வருமானம் இல்லாமல் வேகத்தைக் குறைப்பதையும் இதே பயணத்தில் பார்த்தேன். ஊர் எல்லைகளில் போலீஸ் மாற்றி மாற்றிப் போட்டிருக்கும் இரும்புத் தடுப்புகள்தான் அவை. மேலே நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம், ஓரத்தில் சிவப்பு ஸ்டிக்கர். ஆடிக் காரும் அங்கே வளைந்து நெளிந்து முப்பதில்தான் போகிறது. நெடுஞ்சாலை நடுவே தடுப்பு வைப்பது பொறியாளர்களுக்குப் பிடிக்காது, இரவில் அதுவே ஆபத்து என்பதும் உண்மை. ஆனால் விளக்கோடு, ஒழுங்காக வைத்த இடங்களில் என் கண் முன்னால் வேலை செய்தது.

கேமராவும் வேலை செய்யத்தான் செய்கிறது. ஒரு உறவினர் வீட்டு விசேஷத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் போனோம். நாகர்கோவில் வரை பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்த அத்தான், களியக்காவிளை நெருங்கியதும் யாரும் சொல்லாமலே எடுத்துச் சரியாகப் போட்டார். கேரளத்தில் 2023 ஜூன் முதல் 726 கேமராக்கள் கண்காணிக்கின்றன. பெரும்பாலும் ஹெல்மெட், பெல்ட் பார்ப்பவை. அந்தத் திட்டத்தின் ஒப்பந்தத்தைப் பற்றி அங்கே பெரிய அரசியல் சண்டையே நடந்தது. சண்டை என்னவாக இருந்தாலும் அத்தான் பெல்ட் போட்டார். திரும்பி வரும்போது மார்த்தாண்டம் மேம்பாலத்தில் கழற்றிவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அபராதத்தை நான்தான் கட்டினேன். டிரைவர் பேட்டாவில் பிடித்துக்கொள்ளச் சொன்னார், அக்கா விடவில்லை. யுபிஐயில் பணம் போனது, தளத்தில் 'நிலுவை' என்றே காட்டியது, மறுபடி கட்டலாமா என்று அத்தான் பதறினார். வேண்டாம் என்று தடுத்து, பரிவர்த்தனை எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொண்டோம். அப்புறம் அது தானாகவே சரியாகிவிட்டது. ஊருக்குப் போய் சொந்தக்காரர் வண்டியை எடுப்பவர்கள் ஆர்சியில் எந்த செல் நம்பர் இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய நம்பர் என்றால் சலான் யாருக்கோ போகும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல், தளத்தின் முகவரியை நீங்களே அடித்துப் பாருங்கள். விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை, ஏறிப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை.