"எல்லா மெயிலும் ஒரே ஜன்னலில்" விளம்பரம் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவர்கள், ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவர்கள், பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். ஒரே கம்ப்யூட்டரில் பத்துப் பதினைந்து மெயில் ஐடியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் எல்லோருக்கும்தான்.

நான் ஈரோட்டில் சின்ன வியாபாரிகளுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். பாதிப் பேருக்கு மெயில் ஐடி திறந்து கொடுத்ததே நாங்கள்தான். ஓடிபி அதில் வரும், நோட்டீஸும் அதில்தான் வரும். மாதா மாதம் 20ஆம் தேதி 3பி என்கிற ஜிஎஸ்டி மாத ரிட்டர்னுக்குக் கடைசி நாள் என்றால், அதற்கு முந்தின இரண்டு நாளும் ஐடி விட்டு ஐடி தாவிக்கொண்டே இருக்க வேண்டும். ஜிமெயிலில் ஒரே பிரவுசரில் பல கணக்குகளைத் திறக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் திறந்த ஐடி வைத்ததுதான் சட்டம். வேறு ஐடிக்கு வந்த டிரைவ் லிங்க்கை அழுத்தினால், முதல் ஐடியில் போய்த் திறந்து 'அனுமதி கேளுங்கள்' என்று நிற்கும். ஒன்றிலிருந்து வெளியேறினால் மற்றவையும் சேர்ந்து வெளியேறிவிடும்.

இந்த அவஸ்தை தெரிந்த ஆள்தான், நாங்கள் நம்பி வாங்கிய மெயில் சாஃப்ட்வேரின் அந்த விளம்பரத்தை எழுதியிருக்க வேண்டும். எத்தனை கணக்கு இருந்தாலும் ஒரே இன்பாக்ஸ், ஒரே ஒரு முறை கட்டணம், பாஸ்வேர்ட் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. இப்படி மூன்று வாக்குறுதி. மூன்றும் பொய். கம்பெனி பெயரை இங்கே போடவில்லை. இதே மாதிரி சரக்கு வேறு பெயர்களிலும் விளம்பரத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

முதலில் வெளுத்தது அந்த 'ஒரே இன்பாக்ஸ்'. நூல் வியாபாரி ஒருவர் கேட்ட லெட்ஜருக்குப் பதில் அனுப்பினோம். மெயில் எந்த ஐடிக்கு வந்ததோ அந்த ஐடியிலிருந்துதானே பதில் போக வேண்டும்? இந்தச் சாஃப்ட்வேர் தன் இஷ்டத்துக்கு ஒரு ஐடியை எடுத்துக்கொண்டது. அது ஒரு விசைத்தறிக்காரருடையது. அனுப்புநர் முகவரியைத் திரையிலேயே காட்டாமல் ஒரு சின்ன அம்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். சாயங்காலமே போன் வந்தது. "ஏனுங்க தம்பி, என்ற மெயில்ல இருந்து அவருக்குக் கணக்குப் போயிருக்குதாமா? அவரு என்னைக் கூப்பிட்டுக் கேக்கறாருங்க." இருவருக்கும் ஏற்கெனவே பாக்கித் தகராறு. நான் என்ன சொல்லிச் சமாளித்தேன் என்பது இங்கே வேண்டாம்.

அப்புறம் பணம். ஒரு முறை கட்டணத்தை யுபிஐயில் கட்டும்போது, 'சரிபார்ப்புக்கு' 2 ரூபாய் என்று இன்னொரு கோரிக்கையும் கூடவே வந்தது. அது உண்மையில் ஆட்டோபே ஒப்புதல், அதாவது இனி அவர்களே நம் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்ளலாம் என்கிற அனுமதி. சில மாதம் கழித்து வருடச் சந்தா என்று ஒரு தொகை கணக்கிலிருந்து போய்விட்டது. கேட்டால், நீங்கள் கட்டியது பழைய பதிப்புக்கு, புதிய பதிப்புக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு என்கிறார்கள். புதிய பதிப்பை யார் கேட்டது? அதுவாகவே அப்டேட் ஆகிக்கொண்டது. ரிசர்வ் வங்கி விதிப்படி இந்த மாதிரிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். எஸ்எம்எஸ் வரத்தான் செய்தது. ஆனால் போர்ட்டல் ஓடிபி, பேங்க் மெசேஜ், நகைக்கடை ஆஃபர் என்று குவிகிற போனில் அதை யார் பார்ப்பது? 15,000 ரூபாய் வரைக்கும் பின் நம்பர்கூடக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேரை அழித்தால் ஆட்டோபே நிற்காது. யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே பகுதிக்குப் போய் நாமே ரத்து செய்ய வேண்டும்.

பணமாவது போகட்டும். மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்கியது. ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்தால் இன்பாக்ஸின் அடியில் வலது ஓரம் 'விவரங்கள்' என்று பொடி எழுத்தில் இருக்கும். அதை அழுத்தினால் அந்தக் கணக்கு கடைசியாக எங்கிருந்து, எந்த வழியில், எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது என்று ஒரு பட்டியல் வரும். ஒரு திங்கட்கிழமை காலை ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் அதைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, நேத்து ஞாயித்துக்கிழமை. சிஸ்டமே ஆஃப்ல இருந்துச்சு. யாருண்ணா உள்ள வந்திருக்காங்க?" ஐமேப் (மெயில் சாஃப்ட்வேர்கள் சர்வரிலிருந்து மெயிலை எடுக்கிற வழி) என்று வரிசையாக வரிகள், கொஞ்ச கொஞ்ச நேர இடைவெளியில், ஏதோ வெளிநாட்டு ஐபி முகவரியிலிருந்து. அந்த ஐடி எந்த போனிலும் கிடையாது. மற்ற ஐடிகளைத் திறந்தால் அங்கேயும் அதே கதை.

விஷயம் இதுதான். இந்தச் சாஃப்ட்வேரை இணைக்க ஒவ்வொரு ஐடிக்கும் கூகுளில் 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்ட்' உருவாக்கித் தரச் சொல்வார்கள். மெயின் பாஸ்வேர்ட் இல்லாமலே மெயிலைத் திறக்கிற தனிச் சாவி அது. அதை நம் கம்ப்யூட்டரில் வைக்காமல் தங்கள் சர்வரில் வைத்துக்கொண்டு, அங்கிருந்தே மெயிலை எடுக்கிறார்கள். நம் திரையில் தெரிவது அங்கே எடுத்த நகல். வாடிக்கையாளர்களின் பேங்க் ஸ்டேட்மென்ட், பான், நோட்டீஸ் எல்லாமே அவர்கள் வழியாகத்தான் வந்து போயிருக்கிறது. கேட்டதற்கு, வேகமான சேவைக்காக அப்படிச் செய்கிறோம், தனியுரிமைக் கொள்கையில் சொல்லியிருக்கிறோமே என்று பதில். ஒவ்வொரு முறையும் வேறு பெயரில் ஒருவர் எழுதுவார். கடைசி வரி மட்டும் மாறாது, 'இனிய நாளாக அமையட்டும்'.

இது பயந்தாங்கொள்ளித்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. அமெரிக்காவில் இன்பாக்ஸைச் சுத்தம் செய்து தருகிற அன்ரோல்.மீ என்ற இலவசச் சேவை இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்களின் மெயிலில் இருந்த, லிஃப்ட் (Lyft) என்கிற டாக்ஸி கம்பெனியின் ரசீதுகளின் தகவல், பெயர் நீக்கி, போட்டிக் கம்பெனியான ஊபருக்கு விற்கப்பட்டது 2017இல் வெளியே வந்தது. மக்களை ஏமாற்றியதாக அந்த நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்து, 2019இல் சமரசத்தில் முடிந்தது.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். சாவி இன்னும் அவர்களிடம்தான் இருக்கும். ஒவ்வொரு ஐடியிலும் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் ஆப் பாஸ்வேர்டை நீக்குங்கள். 'கூகுள் வழியாக உள்நுழை' முறையில் இணைத்திருந்தால் மூன்றாம் தரப்பு இணைப்புகளில் அதன் பெயர் இருக்கும், அதையும் எடுங்கள். மெயின் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் தானாகவே செத்துவிடும், அதையும் செய்துவிடுவது நல்லது. ஜிமெயில் அமைப்புகளில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டிலும் தெரியாத முகவரி ஏதும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் இந்த வேலைக்குக் காசே தேவையில்லை. குரோமில் ஆளுக்கு ஒரு ப்ரொஃபைல் திறந்து, வாடிக்கையாளர் பெயரும் ஒரு நிறமும் கொடுத்தால் ஒன்றோடு ஒன்று கலக்காது. டெஸ்க்டாப்பில் தனித்தனி ஷார்ட்கட்டும் வைக்கலாம். ஃபயர்ஃபாக்ஸில் மல்டி அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ் என்று மொசில்லாவே கொடுக்கிற ஆட்-ஆன் இருக்கிறது, ஒரே ஜன்னலில் டேப்புக்கு டேப் வேறு ஐடி. ஒரே இன்பாக்ஸ்தான் வேண்டும் என்றால் தண்டர்பேர்ட் என்கிற இலவச மெயில் சாஃப்ட்வேர். அது நம் கம்ப்யூட்டரிலிருந்து நேராக மெயில் சர்வரோடு பேசும், நடுவில் யாரும் இல்லை. பதில் எழுதும்போது அனுப்புநர் முகவரி மேலேயே தெரியும். ஒன்று மட்டும்: குரோம் ப்ரொஃபைல் பூட்டு இல்லை. அதே கம்ப்யூட்டரில் உட்கார்கிற யாரும் திறக்கலாம், அதனால் விண்டோஸுக்குப் பாஸ்வேர்ட் போட்டு வையுங்கள்.

பேங்கில் எழுதிக் கொடுத்தாயிற்று, நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் பதிவாகியிருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. விசைத்தறிக்காரர் தன் ஐடியின் பாஸ்வேர்டை மாற்றிப் பையன் போனில் போட்டுக்கொண்டார். அவருடைய ஓடிபிக்கு இப்போது அந்தப் பையனைத்தான் கூப்பிடுகிறோம், கல்லூரி நேரத்தில் அவன் எடுப்பதில்லை.