கொரியன் புல்லும் பொடுதலையும்: ஒரே முற்றத்தில் இரண்டு அனுபவம்

தாம்பரம் பக்கம் எங்கள் வீடு. முன்னால் 600 சதுர அடி காலி இடம். 2018 ஜனவரியில், மழை ஓய்ந்த கையோடு கொரியன் புல் போட்டோம். செம்மண் கொட்டி, பாய் பாயாக வந்த புல்லை விரித்து, ஒரே நாளில் முடித்துவிட்டுப் போனார் ஒப்பந்தக்காரர். மாமரத்து நிழலிலும் அதையே விரித்தார். அங்கே நிற்காது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

முதல் வருடம் உண்மையிலேயே அழகு. வெறுங்காலில் நடந்தால் மெத்துமெத்தென்று இருக்கும். மெதுவாக வளரும் புல் என்பதால் வெட்டுகிற வேலையும் குறைவு. ஆனால் வெட்டாமலே விட்டால் அங்கங்கே திட்டுத் திட்டாகப் புடைத்துக்கொள்ளும், அடியில் காய்ந்த சக்கை சேரும்.

தண்ணீர்தான் பிரச்சினை. 600 சதுர அடி என்பது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் அளவு நனைத்தாலே 280 லிட்டர் ஆகிவிடும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது தெருவே லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. அந்த நேரத்தில் எந்த முகத்தோடு புல்லுக்குக் குழாயைப் பிடிப்பது? விட்டுவிட்டேன். ஜூனுக்குள் முக்கால்வாசி வைக்கோலாகிப் போனது.

மழை வந்ததும் முதலில் தலைகாட்டியது கோரை. புல்லோடு வந்ததோ செம்மண்ணோடு வந்ததோ, வருடம் முழுக்கப் பிடுங்கினேன். மேலே பிடுங்கினால் இலைதான் கையோடு வரும். களைக்கொத்தியால் ஒரு சாண் தோண்டினால், நூலில் கோத்த கறுப்பு மணிகள் போலக் கிழங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்று தங்கினாலும் போச்சு, அதிலிருந்து மறுபடி முளைக்கும். நாட்டு மருந்துக் கடையில் இதையே காசு கொடுத்துக் குளியல் பொடிக்கு வாங்குகிறோம் என்பது வேறு கதை.

பொடுதலை, தரையோடு படரும் மூலிகைச் செடி, நான் தேடிப்போனது அல்ல. பின்பக்கம் ஒழுகும் குழாயடியில் அதுவாகவே படர்ந்திருந்தது. அம்மாதான் காட்டினார். "இது சும்மா கிடக்குது, நீ போய் காசைக் கொட்டிப் புல்லு வாங்குனியே!" 2021 அக்டோபரில், மழைக்கு முன்னால், கணுவில் வேர் விட்ட துண்டுகளாகப் பார்த்து வெட்டி, அடிக்கு ஒன்றாக நட்டேன். பொங்கலுக்குள் தரை மூடிவிட்டது. சும்மா அல்ல, அந்த மூன்று மாதமும் உட்கார்ந்து கோரை எடுத்தேன். மூடிய பிறகு கோரை எட்டிப் பார்ப்பது வெகுவாகக் குறைந்தது, ஒழியவில்லை.

இப்போது கோடையில் வாரம் இரண்டு முறை தண்ணீர். இலை கொஞ்சம் பழுப்பேறும், சாகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முற்றத்தில் இரண்டு நாள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வடிந்தபின் சேற்றுக்கு மேலே கணுவுக்குக் கணு புதுத் துளிர். அம்மா அவ்வப்போது ஒரு கைப்பிடி பறித்துப் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார். துவையலும் ஒருமுறை அரைத்தார், எனக்குப் பிடிக்கவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தீக்குச்சித் தலை மாதிரி சின்னப் பூ பூக்கும், தேனீ மொய்க்கும். வெறுங்காலில் ஓடிய என் மகன் ஒருமுறை கொட்டு வாங்கினான். இப்போது பூ மிகுந்தால் கத்தரியால் மேலாக வெட்டிவிடுகிறேன். பாத்திக்குள்ளும் நடைபாதைக் கல் இடுக்கிலும் நுழையும், மாதம் ஒருமுறை ஓரம் வெட்டியே ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவின் முர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகையில் இதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்று லிப்பியா என்ற பெயரில் பெரும் களை. பொடுதலை நம் ஊரில் பிறந்து வளர்ந்த செடி, அந்த லிப்பியா அங்கே வெளியிலிருந்து வந்தது. கிரிக்கெட் ஆடும் இடத்தில் மட்டும் வழுக்கை விழுந்துவிட்டது, அதில் கடப்பைக் கல் நான்கு பதித்தேன்.

மாமரத்தடியில் இரண்டுமே தோற்றன. அங்கே சருகைக் கூட்டுவதையே நிறுத்திவிட்டேன்.