50-ல் உருட்டுவதா, 80-ல் போவதா, 100-ல் பறப்பதா?

மாமாவுடன் சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் கிளம்பினால் அன்றைய பொழுது அவ்வளவுதான். நான்கு வழிச்சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும் முள் 50-ஐத் தாண்டாது. கேட்டால், "பெட்ரோல் என்ன ஓசியிலயா வருது மாப்ள?" என்பார். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டார்.

மாமா சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. 80-ல் ஓட்டுவதைவிட 45–55-ல் ஓட்டினால் 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கும் என்று எரிபொருள் சிக்கனத்துக்கான பிசிஆர்ஏ என்கிற மத்திய அரசு அமைப்பே பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. காரணம் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 80-லிருந்து 100-க்கு ஏறினாலே அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும்.

சரி, பணமாக எவ்வளவு? மதுரைக்கு 460 கி.மீ., பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேச்சுக்கு, கார் 100-ல் லிட்டருக்கு 15, 80-ல் 18, 50-ல் 23 கி.மீ. கொடுக்கிறது. 100-லிருந்து 80-க்கு இறங்கினால் ஏறக்குறைய 500 ரூபாய் மிச்சம்; பயணம் 1 மணி 10 நிமிடம் நீளும். 80-லிருந்து 50-க்கு இறங்கினால் 550 ரூபாய் மிச்சம். ஆனால் மூன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் 500 சுலபமாக வருகிறது. அடுத்த 550-க்குத்தான் இடுப்பு ஒடிகிறது.

ஆபத்தைப் பொறுத்தவரை, முள் காட்டும் எண்ணைவிட மற்ற வண்டிகளுக்கும் நமக்கும் உள்ள வேக வித்தியாசத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாம் 40-ல் போகிறோம், பின்னால் ஒருவர் 100-ல் வருகிறார். 100 மீட்டர் தொலைவில் நம்மைக் கவனித்தால் அவருக்குக் கிடைப்பது 6 விநாடி. நாம் 80-ல் போயிருந்தால் 18 விநாடி. இரவில், டெயில் லைட் மங்கலான வண்டியாக இருந்தால் அந்த 6 விநாடியும் நிச்சயமில்லை.

1964-ல் டேவிட் சாலமன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சாலையின் சராசரி வேகத்தைவிட மிக மெதுவாகப் போகும் வண்டிகளும் அதிகம் விபத்தில் சிக்குகின்றன என்று காட்டினார். மெதுவாகப் போகிறவர்களைத் திட்ட இன்றும் பலர் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அவர் கணக்கில் திரும்புவதற்காக வேகம் குறைத்த வண்டிகளும் சேர்ந்திருந்தன. அவற்றை விலக்கிப் பார்த்த பிற்கால ஆய்வுகளில் மெதுவான பக்கத்தின் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. வேகமான பக்கத்து ஆபத்து அப்படியே நின்றது. அதனால் 100-ல் பறப்பவருக்கு மாமாவைத் திட்டும் தகுதி கிடையாது.

ஊரே சேர்ந்து மெதுவாகப் போனால் கதை வேறு. எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்கா 1974-ல் நாடு முழுக்க 55 மைல், அதாவது 88 கி.மீ. என்று உச்ச வேகம் வைத்தது. 1973-ல் சுமார் 54,000 ஆக இருந்த சாலைச் சாவுகள் அடுத்த வருடம் 45,000 அளவுக்கு இறங்கின. பெட்ரோல் தட்டுப்பாட்டால் வண்டிகள் குறைவாக ஓடியதும் ஒரு காரணம்தான். இருந்தாலும் அங்கே எல்லோரும் சேர்ந்து மெதுவானார்கள். இங்கே மாமா மட்டும்.

இடது ஓரமாக 55-ல் போனால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். பாரம் ஏற்றிய லாரிகளும் அந்த வேகத்தில்தானே போகின்றன? உண்மைதான். ஆனால் உளுந்தூர்பேட்டை தாண்டி இடது லேனைக் கொஞ்சம் பாருங்கள். டீ குடிக்க நிறுத்திய லாரி, எதிர்த்திசையில் வரும் பைக், ஆள் ஏற்ற ஒதுங்கும் பஸ். இதற்குப் பயந்து மாமா வலது லேனுக்கு வந்துவிடுவார், அதே 50-ல். பின்னால் வருபவர்கள் இடப்பக்கமாகப் புகுந்து முந்துவார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த இடம்தான்.

என் ஓட்டு 80-க்கு. காலி ரோட்டில் 75, 80. லாரிகள் வரிசை கட்டிய இடத்தில் அவற்றோடு 60. ஊருக்குள் வந்துவிட்டால் 40-க்குக் கீழே எவ்வளவு மெதுவாகப் போனாலும் நல்லதுதான். புதுச்சேரிக்குத் தெற்கே ஈசிஆரில் இருவழிப் பகுதிகளில் மாட்டினால், பின்னால் நாலைந்து வண்டி சேர்ந்ததும் ஓரம் கட்டி வழி விடுவது உத்தமம். முதல் வண்டி சுலபமாக முந்திவிடும். ஐந்தாவது வண்டிக்காரர்தான் பொறுமை இழந்து எதிர் லேனில் பாய்வார்.

அப்புறம், மாமாவின் இன்னொரு வித்தை: மலை இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவது. கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். கம்ப்யூட்டரே எரிபொருளை அளந்து விடும் இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரிலேயே வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு எரிபொருள் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் கொஞ்சம் எரியும். இன்ஜின் பிடிப்பும் போய், பாரமெல்லாம் பிரேக் தலையில் விழும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படி இறங்கினால் பாதி வழியிலேயே பிரேக் கருகும் வாடை வரும். போன முறை அந்த வாடை வந்தபோது மாமா, "முன்னாடி போற லாரில இருந்து வருது மாப்ள" என்றார். முன்னால் லாரியே இல்லை.