பழைய காரைப் பட்டறையில் விடப்போகிறீர்களா? காரைக்குடிப் பக்கம் எனக்கு நடந்தது

பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கம் பூட்டிய வீட்டில் பழைய கார் நிறுத்தி வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள். முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம் என்று ஊருக்கு வந்து இறங்குவோம், கார் ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணும். அந்த அவசரத்தை மட்டுமே நம்பித் தொழில் நடத்துகிற ஒரு பட்டறையில் நான் 25,000 ரூபாய் அழுதிருக்கிறேன். கோளாறு இருந்தது எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் எர்த் பட்டையில், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் செம்புப் பின்னலில். புதிதாக வாங்கி மாட்ட 350 ரூபாய்தான் ஆனது.

எங்களுடையது அப்பா காலத்து டீசல் அம்பாசடர். வருஷத்தில் பாதி நாள் ஷெட்டிலேயே நிற்கும். சித்தப்பா ஊரில் இருந்தால் பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி என்று ஒரு நடை எடுத்துப் போய் வருவார். இந்தத் தடவை நான் வந்து சாவியைத் திருப்பினால் எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. அதற்குச் சுற்றவே மனமில்லை. நாலைந்து தரம் அடித்த பிறகு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பிடிக்கும். ஓட ஆரம்பித்துவிட்டால் ஒரு குறையும் கிடையாது. மறுபடி அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால், எஞ்சின் சூடாக இருந்தாலும் அதே இழுவைதான்.

பட்டறைக்காரர் பானட்டைத் திறப்பதற்கு முன்பே, “எப்பண்ணே ஊருக்குக் கிளம்புறீங்க?” என்றார். விசாரிக்கிறார் என்றுதான் யாரும் நினைப்போம். வீட்டில் கல்யாணம், வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், கார் இல்லாமல் ஆகாது என்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியிலேயே அவருக்குத் தெரிந்துபோனது.

முதலில் பேட்டரி. மீட்டர் எதுவும் வைக்கவில்லை. இரண்டு முனைகளுக்கும் நடுவே ஸ்பானரை உரசித் தீப்பொறி காட்டி, “பாத்தீங்களா, செல் அவுட்” என்றார். இது வெறும் கண்கட்டு. செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியிலும் ஸ்பானரை வைத்தால் பொறி பறக்கும், நல்ல பேட்டரியில் வைத்தால் இன்னும் நன்றாகவே பறக்கும். மூடிப் பக்கம் வாயு கசிந்திருந்தால் பேட்டரி வெடிக்கவும் செய்யும். உங்கள் கண் முன்னால் யாராவது இப்படிச் செய்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். பேட்டரிக்கு 7,200 வாங்கினார். பழையதைக் கழித்துத்தான் இந்த விலை என்றார்.

இரண்டு மூன்று நாள் நன்றாக எடுத்தது. அப்புறம் பழைய கதை. இப்போது செல்ஃப் மோட்டாரின் உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் போய்விட்டதாம், புது செல்ஃப் 12,500. அதை மாட்டியதும் மறுபடி கொஞ்ச நாள் ஓடியது. அடுத்து வெள்ளைப் புகையைக் காட்டி, ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினுக்குள் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் நாலு, 2,800. கூலி என்று தனியாக 2,500. அத்தனைக்கும் கையில் கொடுத்தது கடைப் பெயர் இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. பில் கேட்டால், “ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தாண்ணே கூடுதல்” என்றார். கடைசியாக, எஞ்சினுக்கு டீசலை அடிக்கும் பம்பைக் கழற்றி மதுரைக்கு அனுப்ப வேண்டும், 22,000 ஆகும் என்றபோதுதான் வண்டியை எடுத்துக்கொண்டு தேவகோட்டைக்கு விட்டேன்.

அங்கே ஒரு சின்ன ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. வயதான மனிதர். பேசியதே குறைவு. முதலில் மீட்டரைப் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்து என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். 10.8 வோல்ட். “பேட்டரி நல்லாத்தான் இருக்கு தம்பி” என்றார். அடுத்து ஒரு கம்பியைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில் துரு இல்லாத இடமாகச் சுரண்டியும் வைத்தார். மறுபடி அடித்தேன். மீட்டரில் 3.1. அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடம் அது. அதாவது பேட்டரி கொடுக்கிற 10.8-இல் மூன்று வோல்ட்டுக்கு மேல் எர்த் வழியிலேயே வீணாகிறது. மிச்சம் ஏழரை சொச்சத்தில் செல்ஃப் எப்படிச் சுற்றும்?

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு மறக்காது. எஞ்சினை அணைக்க இழுக்கிற ஸ்டாப் கேபிள் இருக்கிறதே, அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. எர்த் பட்டை செத்துவிட்டால் செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடி இந்த மாதிரி மெல்லிய கேபிளில் புகுந்து பாடிக்குத் திரும்புகிறது. விட்டிருந்தால் ஒருநாள் கேபிளே எரிந்திருக்கும் என்றார். பிறகு ஒரு ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் கவ்வவிட்டு, “இப்ப அடிங்க” என்றார். கை வைத்ததும் பிடித்தது.

கழற்றி எடுத்த பட்டையைப் பார்த்தால் நடுவில் செம்புப் பின்னல் முழுசாகத்தான் இருந்தது. கியர் பாக்ஸ் போல்ட்டில் மாட்டுகிற முனையில், லக் என்கிற வளையத்துக்குள் பச்சையாகப் பூத்து, விரலால் தள்ளினால் இழைகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. பேட்டரி, செல்ஃப் என்று ஒவ்வொன்று மாற்றியபோதும் வண்டி ஏன் கொஞ்ச நாள் சரியானது என்பது அப்போது விளங்கியது. பேட்டரி மாற்றும்போது டெர்மினலைத் துடைத்திருப்பார்கள், முழு சார்ஜோடு ஒரு பேட்டரி உட்கார்ந்திருக்கும். செல்ஃபைக் கழற்றும்போது பக்கத்திலிருந்த எர்த் முனை அசைந்து தற்காலிகமாக நல்ல பிடிப்புக் கிடைத்திருக்கும். பட்டறைக்காரருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை என்பது என் எண்ணம். தெரியவில்லை என்றால் அவர் மெக்கானிக் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. பேட்டரி, துருப்பிடித்தல், மின்வேதியியல் இதற்கெல்லாம் நாட்டுக்கே பெரிய ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த செக்ரி. அந்த ஊரில் ஒரு பச்சைப் பூஞ்சணத்துக்கு நான் 25,000 கட்டியிருக்கிறேன்!

பம்ப் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பெரிய தொகை கறக்கிற இடம் அதுதான். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். டீசல் எஞ்சினில் காற்றை அழுத்தும் சூட்டில்தான் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு கசிந்துபோய்விடும். பம்ப் அறவே வேலை செய்யாவிட்டால் புகையே வராது. இந்தப் பழைய ரோட்டரி பம்புகள் தேய்ந்தால் பெரும்பாலும் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். என் வண்டி காலையிலும் ஒரே மாதிரி, மத்தியானமும் ஒரே மாதிரி. இதை அந்தத் தேவகோட்டைப் பெரியவர் சொன்னபோது பட்டறைக்காரர் பம்பைத் தொடுவதற்குக் காரணமே இல்லை என்பது தெளிவாகிவிட்டது.

ஆகவே யாரிடமும் வண்டியை விடுவதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தைக் காதால் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறதா, இல்லை வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? மெதுவாகச் சுற்றினால் பேட்டரி, டெர்மினல், எர்த், செல்ஃப் இவற்றுக்குள்தான் கோளாறு, பம்ப் பக்கம் யாரையும் போக விடாதீர்கள். வேகமாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால்தான் டீசல் பக்கம் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் மட்டும் புகையே இல்லாமல் நெடுநேரம் சுற்றினால் டீசல் லைனில் ஏர் ஏறியிருக்கும். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பில் இருக்கும் கைப் பம்பை நன்றாக அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள், உடனே பிடித்தால் அதுதான். பெரும்பாலும் செம்பு வாஷரோ ஹோஸோ மாற்றினால் தீரும். ஹீட்டர் பிளக்கையும் மாற்றுவதற்கு முன் ஒவ்வொன்றாக டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். நாலும் ஒரே நாளில் போவது அபூர்வம். கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி போன்ற பெட்ரோல் வண்டிகள் வாரக்கணக்கில் நின்றால் கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். முதல் தடவை கொஞ்சம் கூடுதலாகச் சுற்றத்தான் செய்யும், அது கோளாறே இல்லை.

சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ராத்திரி ஓய்ந்து நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகப்படலாம், அதுவும் முழுசாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பார்த்த பிறகு. எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்பும்போது நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், ஷெட்டில் எலி வயரைக் கடித்தாலும் தீ பயம் இருக்காது.

திரும்பப் பட்டறைக்குப் போனேன். “பழைய வண்டின்னா அப்படித்தாண்ணே, ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும்” என்றார். கழற்றிய என் பழைய செல்ஃபைக் கேட்டேன், காயலான் கடைக்குப் போய்விட்டது என்றார். ஆனால் அலமாரியில் புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்து ஒரு செல்ஃப் உட்கார்ந்திருந்தது. அதன் டெர்மினலில் பித்தளை நட். எப்போதோ அப்பா காலத்தில் மரை தேய்ந்து லேத்தில் கடைந்து போட்டது, அது என் செல்ஃபேதான். என் வண்டியில் மாட்டியிருப்பதும் இதே மாதிரி பெயின்ட் வேலைதான் என்று தேவகோட்டையிலேயே காட்டியிருந்தார்கள். ஸ்க்ரூ தலைகளில் பழைய திருப்புளிக் காயம், அதன்மேல் பெயின்ட், கம்பெனித் தகட்டின் மேலும் பெயின்ட். இதைச் சொன்னதும் குரல் இறங்கியது. என் செல்ஃபும் 9,000 ரூபாயும் திரும்ப வந்தன.

பேட்டரி வரவில்லை. சித்தப்பா போன வருஷம்தான் அதை வாங்கியிருக்கிறார், வாரண்டி கார்டு அவரிடமே இருக்கிறது. உண்மையிலேயே செல் போயிருந்தால் வாங்கிய கடையிலேயே வாரண்டியில் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். பட்டறைக்காரர் விற்ற பேட்டரியிலோ சீரியல் எண் இருக்கிற இடம் சுரண்டப்பட்டிருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாகிவிட்டது. அதில் தீரவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட்டால் போதும். பில் இல்லாததால் பணம் அனுப்பிய ஜிபே ரசீதுகளையும், துண்டுச் சீட்டையும், சுரண்டிய பேட்டரியின் படங்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். புகார் நடக்கும்போது கடைப் பெயரை எழுதப்போவதில்லை, தனியாகவும் கேட்க வேண்டாம்.